மாதிரி ஐ.நா. அவையில் பொதுச்செயலாளருக்கு என்ன வேலை கொடுப்பது?

#1 கோத்தகிரி வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். இரண்டு வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மாதிரி ஐ.நா. அவை நடத்துகிறோம். ஊட்டியில் ஆங்கிலப் பள்ளிகளில் இது வழக்கம்தான். நம் பிள்ளைகள் தமிழில் செய்யட்டுமே என்று ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு நாடு. பெஞ்சுகளை வளைவாகப் போட்டு, அட்டையில் நாட்டின் பெயரை எழுதி முன்னால் நிறுத்தி வைப்போம். வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டை வாட்ச்மேன் அண்ணன் கம்பியால் அடித்ததும் அவை கூடும்.

சிக்கல் ஒரே ஒரு நாற்காலியில்தான். பொதுச்செயலாளர் நாற்காலி.

முதல் வருடம் அதில் உட்கார்ந்த பையன் நல்ல பேச்சாளன். பத்தாவது நிமிடமே உத்தரவு போட ஆரம்பித்துவிட்டான். "நாளைக்குள்ள படையை வாபஸ் வாங்கணும்" என்று மேசையைத் தட்டினான். எதிரில் இருந்த வல்லரசும் எழுந்து "சரிங்க" என்றது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உலகத்தில் சண்டை தீர்ந்து அவை முடிந்துவிட்டது.

அதனால் போன வருடம் விதியை இறுக்கினேன். பொதுச்செயலாளருக்கு ஓட்டு கிடையாது, உத்தரவு போடக் கூடாது, கூட்டத்தை நடத்துவதும் அவர் வேலை இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உட்கார்ந்தாள். காலை பத்திலிருந்து மூன்றரை வரை குறிப்பு எழுதினாள். மாலையில் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினோரு பக்கம். எந்த நாடு எப்போது என்ன சொன்னது என்று வரிசையாக, கோடு போட்டு. கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு வரி: "சார், நான் எதுக்கு இருந்தேன்?"

அந்த வரி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இந்த வருடம் பதவியையே எடுத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். ஆனால் உண்மையான ஐ.நா.வில் அந்தப் பதவி இருக்கிறதே. அது எப்படி இருக்கிறதோ அப்படிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 லவ்டேல் வாசகன்

சார், அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. நம் ஊரில் பொதுச்செயலாளர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கட்சி. 1949-ல் தி.மு.க. தொடங்கியபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டுவிட்டு, அண்ணா பொதுச்செயலாளராக இருந்துதான் கட்சியை நடத்தினார். அ.தி.மு.க.வில் அந்தப் பதவிதான் உச்சி. டிவியில் இதைப் பார்த்து வளரும் பிள்ளை வேறு எப்படி நடந்துகொள்ளும்?

ஆங்கிலத்தில் கட்சிக்காரர் ஜெனரல் செக்ரெட்டரி, ஐ.நா.காரர் செக்ரெட்டரி ஜெனரல். தமிழில் இரண்டும் ஒரே சொல்லில் விழுந்துவிட்டன. உங்கள் அவையில் தலைமைச் செயலர் என்று பெயரை மாற்றிப் பாருங்கள். கோட்டையில் இருக்கும் தலைமைச் செயலாளர் மாதிரி: அமைச்சரவை முடிவு செய்யும், அவர் நடத்திக் கொடுப்பார்.

#3 குன்னூர் மொழிபெயர்ப்பாளர்

லவ்டேல் அண்ணா சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் இந்தப் பதவியே இருக்கிறது.

ஐ.நா. சாசனத்தில் இந்தப் பதவிக்கு ஒதுக்கியிருப்பது ஐந்தே பிரிவுகள், 97 முதல் 101 வரை. 97, அவரை அமைப்பின் தலைமை நிர்வாக அதிகாரி என்கிறது. அங்கே அவர் கோட்டைத் தலைமைச் செயலாளர்தான். 98, எல்லா நாடுகளும் இருக்கும் பொதுச்சபையும் 15 நாடுகள் மட்டும் இருக்கும் பாதுகாப்புச் சபையும் ஒப்படைக்கும் வேலைகளைச் செய்ய வேண்டும், வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது. 100, எந்த அரசாங்கத்திடமும் அவர் உத்தரவு கேட்கவோ வாங்கவோ கூடாது என்கிறது. அவரை வளைக்கப் பார்க்க மாட்டோம் என்று நாடுகளும் அதே பிரிவில் வாக்குக் கொடுத்திருக்கின்றன. 101, ஊழியர்களை நியமிப்பது பற்றியது.

நடுவில் இருக்கும் 99-ஐப் பாருங்கள். உலக அமைதிக்கு ஆபத்து என்று தன் அபிப்பிராயத்தில் படும் எந்த விஷயத்தையும் அவர் பாதுகாப்புச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். "தன் அபிப்பிராயத்தில்" என்ற அந்தச் சொற்களை நான் பல முறை படித்திருக்கிறேன். யாரும் கேட்க வேண்டியதில்லை, எந்த நாடும் அனுமதி தர வேண்டியதில்லை. அவருக்குத் தோன்றினால் போதும். எந்தத் தலைமைச் செயலாளருக்கும் இப்படி ஒரு வரி கிடையாது.

வாத்தியார் சார், போன வருடம் நீங்கள் 97-ஐயும் 98-ஐயும் அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறீர்கள். 99-ஐக் கொடுக்க மறந்துவிட்டீர்கள்.

#4 கோத்தகிரி வாத்தியார்

அக்கா, உண்மை. எனக்கு அது தெரிந்தே இருந்தது. பாடத்தில் ஒரு வரியாக வரும், ஒரு வரியாகவே சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

இந்த 99-ஐ யாராவது உண்மையில் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா?

#5 குன்னூர் மொழிபெயர்ப்பாளர்

பெயர் சொல்லி எடுத்தது மிகச் சில முறைதான். 1960 ஜூலையில் காங்கோவுக்காக டாக் ஹாமர்ஷீல்ட். 1979-ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளாக இருந்தபோது கர்ட் வால்ட்ஹைம். அப்புறம் பல பத்தாண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 6 அன்று, காஸாவுக்காக அன்டோனியோ குத்தேரஸ்.

அந்தக் கடைசிக் கதையைப் பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்புச் சபையில் போர்நிறுத்தத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. 15 பேரில் 13 பேர் ஆதரவு, பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது, அமெரிக்கா வீட்டோ போட்டது. ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவர் எதிர்த்தாலே போதும், அதுதான் வீட்டோ. தீர்மானம் விழுந்தது. டிசம்பர் 12 அன்று விஷயம் பொதுச்சபைக்குப் போனது. அங்கே வீட்டோ இல்லை. 153 நாடுகள் போர்நிறுத்தம் வேண்டும் என்று கை தூக்கின. பொதுச்சபை சொன்னால் அது யாரையும் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு நாடும் பெயர் தெரிய ஒரு பக்கம் நிற்க வேண்டி வந்தது.

#6 பொக்காபுரம்

ஒரு சின்னச் சந்தேகம். நம் மலை ரயிலுக்குப் பாரம்பரியச் சின்னம் என்று கொடுத்தது ஐ.நா. பொதுச்செயலாளரா? என் பையன் கேட்கிறான்.

#7 லவ்டேல் வாசகன்

இல்லைங்க. அது யுனெஸ்கோ, 2005-ல். ஐ.நா. குடும்பத்தில் சேர்ந்ததுதான், ஆனால் தனி அமைப்பு. அதற்குத் தனியாகத் தலைமை இயக்குநர் உண்டு. பொதுச்செயலாளர் அவருக்கு மேலதிகாரி கிடையாது. பையனுக்கு வாழ்த்துகள், நல்ல கேள்வி.

#8 ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெலிங்டன்

வாத்தியார் தம்பிக்கு. பதவியை விளக்குவதற்கு முன்னால் அதில் இருந்த மனிதர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துங்கள். நான் எப்போதும் ஊ தாண்டிலிருந்து ஆரம்பிப்பேன். காரணம் எளிது, அவர் நம்மைப் போல் ஒரு வாத்தியார். பர்மாவில் பந்தனாவ் என்ற சிற்றூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அங்கிருந்து நியூயார்க்கில் ஐ.நா. கட்டடத்தின் 38-ஆவது மாடியில் இருக்கும் பொதுச்செயலாளர் அலுவலகம் வரை போனார்.

1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து இரு வல்லரசுகளும் அணு ஆயுதத்தோடு முறைத்துக்கொண்டு நின்றன. ஊ தாண்ட் அப்போது தற்காலிகப் பொதுச்செயலாளர்தான், முழுப் பதவிகூட இல்லை. கென்னடிக்கும் குருஷேவுக்கும் ஒரே மாதிரிச் செய்தி அனுப்பினார்: இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், சோவியத் ஆயுதம் அனுப்புவதை நிறுத்தட்டும், அமெரிக்கா கப்பல்களை மறிப்பதை நிறுத்தட்டும். ஒருவர் இன்னொருவரைப் பணிய வைத்தார் என்ற பெயர் வராமல் இருவருக்கும் பின்வாங்க ஒரு படி கிடைத்தது. வகுப்பில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வாத்தியார் என்ன செய்வார்? "ரெண்டு பேரும் கையை எடுங்கப்பா" என்பார். யார் முதலில் எடுத்தது என்று கேட்கமாட்டார்.

தமிழ்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள இன்னொன்று. ஊ தாண்டின் அலுவலகத் தலைவராக இருந்தவர் சி.வி. நரசிம்மன், தமிழர், பழைய ஐ.சி.எஸ். அதிகாரி. 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடினார். அது ஊ தாண்ட் காலம்தான்.

#9 கூடலூர் தோட்டம்

படித்துக்கொண்டே வந்தேன். ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை.

என் தாத்தா 1964-ஆம் வருடத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கூடலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர். அவருடைய தம்பி அங்கேயே தங்கிவிட்டார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து நிறைய குடும்பங்கள் வன்னிக்குப் போனது போல அவர்களும் கிளிநொச்சிக்குப் போனார்கள். 2009-ல் தாத்தா ஒவ்வொரு சாயங்காலமும் லைன் வீட்டு ஜன்னல் திட்டில் டிரான்சிஸ்டரை வைத்து, ஏரியலைச் சுவரில் சாய்த்து, காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வேலை முடிந்து வந்ததும் முதல் கேள்வி, "ஐ.நா. என்ன சொல்லுச்சு?" எங்கள் குடும்பக் கதையை இங்கே விரிக்க வேண்டாம். வெளியில் அறிக்கையாக வந்ததை மட்டும் சொல்கிறேன்.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் வன்னியிலிருந்து வெளியேறினார்கள். கிளிநொச்சி அலுவலக வாசலில் சனம் கூடி, போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றது. பாதுகாப்புச் சபை இலங்கையைக் கடைசி வரை தன் முறையான நிகழ்ச்சிநிரலில் சேர்க்கவே இல்லை. பேசியதெல்லாம் முறைசாராத கூட்டங்களில். அப்போதைய பொதுச்செயலாளர் பான் கீ மூன் 99-ஐ எடுக்கவில்லை. போர் முடிந்த சில நாட்களில் இலங்கைக்கு வந்தார். அவர் அமைத்த வல்லுநர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கை, கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் ஐ.நா.வின் சொந்த உள் ஆய்வு அறிக்கை வந்தது. சாவு எண்ணிக்கை பற்றிய தகவல் தங்கள் கையில் இருந்தும் அதை வெளியில் சொல்லத் தயங்கியதை அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள்.

அதனால் வாத்தியார் சார், பிள்ளைகளிடம் இந்தப் பதவியைப் பெரிதாகச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள். அந்த வரி சாசனத்தில் இருப்பது போதாது. எடுக்கிற ஆள் வேண்டும்.

#10 குன்னூர் மொழிபெயர்ப்பாளர்

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

#11 மஞ்சூர்

கூடலூர் அண்ணன் சொன்னதில் எதையும் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி. 99-ஐ எடுத்திருந்தால் நடந்திருக்குமா? பாதுகாப்புச் சபையில் வீட்டோ வைத்திருப்பவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் எதிர்த்து ஓட்டுப் போட்டால் அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பொதுச்செயலாளரோடு அந்த அரசு பேசவே பேசாது.

அதே பான் கீ மூன் 2008 மே மாதம் பர்மாவில் நர்கிஸ் புயல் அடித்தபோது நேரில் போய் ராணுவத் தலைவரிடம் பேசி, வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்களை உள்ளே விடச் சம்மதிக்க வைத்தார். பொதுவில் கத்தியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. பெரெஸ் டி குவெயர் பத்து வருடம் சத்தமே போடாமல் வேலை பார்த்தவர். 1988-ல் ஈரான்–ஈராக் போர்நிறுத்தம் அவர் காலத்தில் வந்தது. எல் சால்வடோர் உள்நாட்டுப் போருக்கு உடன்பாடு எட்டியது 1991 டிசம்பர் 31 இரவு, அவர் பதவியின் கடைசி மணி நேரத்தில். சத்தம் போடாததையெல்லாம் கோழைத்தனம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

#12 கூடலூர் தோட்டம்

மஞ்சூர் தம்பி, நீங்கள் சொல்வது எனக்கும் புரிகிறது. மெதுவாகப் பேசிக் கதவு திறக்கும் என்றால் மெதுவாகவே பேசட்டும். நான் கேட்பது, கதவு திறக்கவில்லை என்று தெரிந்த பிறகு. பர்மாவில் திறந்தது. வன்னியில் திறக்கவில்லை. மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த இடத்தில் வேறு என்ன மிச்சம் இருந்தது?

நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவனுக்கு, யாரோ ஒருத்தர் எழுந்து நின்று நம் பெயரைச் சொன்னார் என்பது கிடைத்திருக்கும். அதுவும் ஒரு கணக்குதான்.

#13 மஞ்சூர்

அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. ஏற்றுக்கொள்கிறேன்.

#14 ஹட்டிக்காரன்

நான் படுகர். எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், கவுடர் என்று ஊர்த் தலைவர் உண்டு. சண்டை வந்தால் அவரிடம் போவோம். அவருக்குப் போலீஸ் கிடையாது, சம்பளம் கிடையாது, யாரையும் உள்ளே தள்ள முடியாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது இரண்டு பங்காளிகளுக்குள் தேயிலைத் தோட்டத்து வரப்புத் தகராறு. அப்போதைய கவுடர் மூன்று நாள் இவர் வீட்டில் ஒரு காபி, அவர் வீட்டில் ஒரு காபி என்று நடந்துகொண்டே இருந்தார். யார் என்ன சொன்னார்கள் என்று இன்னொருவரிடம் சொல்லவே இல்லை. நான்காம் நாள்தான் ஊரைக் கூட்டினார். கூட்டிய பிறகு யாரும் "எனக்குத் தெரியாது" என்று வீட்டுக்குள் உட்கார முடியாது. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வந்து நின்றோம்.

எனக்கு மஞ்சூர் தம்பி சொல்வதும் கூடலூர் அண்ணன் சொல்வதும் ஒரே ஆளின் மூன்று நாளும் நான்காம் நாளும் என்று தோன்றுகிறது.

வாத்தியார் சார், உங்கள் பள்ளியில் தண்டவாளத் துண்டு தொங்குகிறது என்றீர்களே. அந்தக் கம்பியைப் பொதுச்செயலாளர் கையில் கொடுங்கள். 99 அதுதான். ஓட்டு கொடுக்க வேண்டாம், உத்தரவு போடும் அதிகாரம் கொடுக்க வேண்டாம். அவர் அடித்தால் பாதுகாப்புச் சபை வேறு பேச்சை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். அவ்வளவே.

#15 கோத்தகிரி வாத்தியார்

அண்ணா, இதைப் படித்ததும் உடனே தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டுவிட்டேன். மற்ற வகுப்புகள் மணி அடித்தது என்று வெளியே ஓடி வந்துவிடுமே என்றார். முன்கூட்டியே எல்லா வகுப்புக்கும் சொல்லிவைக்கிறேன் என்று அனுமதி வாங்கிவிட்டேன்.

அடுத்து, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? இரண்டு வருடமும் நானே நியமித்தேன்.

#16 குன்னூர் மொழிபெயர்ப்பாளர்

அதையும் உண்மையில் நடப்பது போலவே வையுங்கள் சார். அதில்தான் பதவியின் பலவீனம் வெளிப்படும். பாதுகாப்புச் சபை ஒரு பெயரைச் சிபாரிசு செய்யும், பொதுச்சபை நியமிக்கும். சிபாரிசுக்கு 15-ல் 9 ஓட்டு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவரும் தடுக்கக் கூடாது. அதற்கு முன்னால் வெள்ளோட்டம் மாதிரி ரகசிய ஓட்டு நடக்கும். ஆதரவு, எதிர்ப்பு, கருத்தில்லை என்று மூன்று பதில். நிரந்தர உறுப்பினர்களுக்கு வேறு நிறச் சீட்டு கொடுப்பார்கள், வீட்டோ எங்கிருந்து வரும் என்பது அதில் தெரிந்துவிடும்.

2006-ல் நம் சசி தரூர் நின்றார். கடைசி ரகசிய ஓட்டில் அவருக்கு 10 ஆதரவு, 3 எதிர்ப்பு. அந்த மூன்றில் ஒன்று நிறச் சீட்டு. பான் கீ மூனுக்கு 14 ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. தரூர் விலகிக்கொண்டார்.

இருக்கிற ஆளையும் அப்படித் தள்ளிவிட முடியும். பூட்ரோஸ் காலி 1996-ல் இரண்டாம் முறைக்கு நின்றபோது 14 பேர் ஆதரித்தார்கள், அமெரிக்கா ஒன்று மட்டும் வேண்டாம் என்றது, அதோடு முடிந்தது. 1981-ல் வால்ட்ஹைம் மூன்றாம் முறை கேட்டபோது சீனா 16 முறை வீட்டோ போட்டது.

ஐந்து வருடம் என்ற கணக்கு சாசனத்தில் இல்லை. 1946 ஜனவரியில் பொதுச்சபை போட்ட தீர்மானத்தில் வந்தது. ஓய்வு பெற்ற உடனே எந்த நாடும் அவருக்கு அரசாங்கப் பதவி கொடுக்காமல் இருப்பது நல்லது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. நம் ஊருக்கும் பொருந்தும் யோசனை அது.

இன்னொன்று, இதை மனதார எழுதுகிறேன். டிரிக்வே லீ முதல் குத்தேரஸ் வரை ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். 2016-ல் போட்டியிட்ட 13 பேரில் 7 பேர் பெண்கள், ஒருவரும் வரவில்லை. குத்தேரஸின் இரண்டாம் முறை 2026 டிசம்பர் 31-ல் முடிகிறது. உங்கள் பள்ளி போன வருடமே ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

#17 ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெலிங்டன்

எல்லோரும் பெரிய மனிதர்கள் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம் தம்பி. வால்ட்ஹைம் பத்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். போர்க்காலத்தில் ஜெர்மன் ராணுவத்தில் தான் செய்த பணியில் ஒரு பகுதியை மறைத்திருந்தது 1986-ல்தான் வெளியே வந்தது. கோஃபி அன்னான் 2001-ல் நோபல் வாங்கியவர். ஆனால் 1994-ல் ருவாண்டாப் படுகொலை நடந்தபோது ஐ.நா. அமைதிப்படைத் துறையின் தலைமையில் இருந்தவரும் அவரே. அந்தப் பாரத்தை அவர் பிறகு வெளிப்படையாகவே பேசினார்.

முதல் ஆள் டிரிக்வே லீ. கொரியப் போரில் எடுத்த நிலைக்காக சோவியத் அவரை ஒதுக்கியே வைத்தது, 1952-ல் விலகினார். அடுத்து வந்த ஹாமர்ஷீல்டை விமான நிலையத்தில் வரவேற்றபோது, உலகத்திலேயே செய்ய முடியாத வேலைக்கு வந்திருக்கிறாய் என்ற பொருளில் சொன்னார். அந்த ஹாமர்ஷீல்டையும் குருஷேவ் விலகச் சொன்னார், ஒரு ஆளுக்குப் பதில் மூன்று பேரை வைக்கலாம் என்றார். அவர் விலகவில்லை. 1961 செப்டம்பர் 18 அன்று காங்கோவில் சண்டையை நிறுத்தப் பேசப் போகும் வழியில், இன்றைய ஜாம்பியாவில் இண்டோலா அருகே விமானம் விழுந்து இறந்தார். அந்த விழுகையைப் பற்றிய கேள்விகள் இன்னும் தீரவில்லை.

#18 பொக்காபுரம்

என் பையன் இந்த இழை முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நடந்ததும் கட்டாயம் எழுதுங்கள் சார்.

#19 கோத்தகிரி வாத்தியார்

நேற்று நடந்தது. இரவே எழுத உட்கார்ந்தேன், மின்சாரம் போய்விட்டது.

இந்த முறை பிரச்சினைக்குக் கற்பனை நாடுகள் இரண்டு வைத்தோம். மலைமேல் இருக்கும் நாடு ஆற்றை அணை கட்டி மூடிவிட்டது. கீழே இருக்கும் நாடு எல்லைக்குப் படையை அனுப்பிவிட்டது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் வழி அடைபட்டு அங்கே சனம் சிக்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்குக்காகப் பேச அவையில் யாருக்கும் நாற்காலி இல்லை. கூடலூர் அண்ணனின் பதிவைப் படித்த பிறகு அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்த்தேன்.

பொதுச்செயலாளர் தேர்தலுக்கு மூன்று பேர் நின்றார்கள். போன வருடம் நோட்டு எழுதிய பெண் இப்போது பத்தாம் வகுப்பு. நிற்கிறாயா என்று கேட்டதற்கு, "இந்த முறை வேலை இருக்கா சார்?" என்றாள். இருக்கிறது என்றேன். முதல் சுற்றில் ஒரு பையனுக்குத்தான் அதிக ஆதரவு, ஆனால் நிரந்தர உறுப்பினரின் நீலச் சீட்டு ஒன்று அவனுக்கு எதிராக விழுந்தது. ஓட்டெண்ணிக்கையைப் படித்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. பதினொரு பேர் வேண்டும் என்றும் ஒருத்தன் வேண்டாம் என்றதால் போச்சா என்று ஒரு மாணவன் எழுந்து கோபமாகக் கேட்டான். ஆமாம், அப்படித்தான் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. மூன்றாம் சுற்றில் அந்தப் பெண் வந்தாள்.

காலை முழுக்க அவள் பேசவே இல்லை. இடைவேளையில் மேல்நாட்டுப் பெஞ்சுக்குப் போய் நின்றாள். மதியம் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழ்நாட்டுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேல்நாட்டிடம் வந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு அவை கூடியபோது அணையைத் திறப்பது பற்றி இருவரும் பிடி கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு பத்துக்கு அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். பனிமூட்டம் இறங்கி எதிர் வகுப்பே தெரியவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே அடி. சொல்லிவைத்தும் ஏழாம் வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. திரும்பி வந்து நோட்டைத் திறந்து படித்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வீடு, எத்தனை நாளைக்கு அரிசி இருக்கும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். காலையில் எழுதியதுதான்.

வழி திறக்கச் சொல்லித் தீர்மானம் வந்தது. பதினைந்தில் பன்னிரண்டு ஆதரவு. ஒரு வீட்டோ. விழுந்தது.

அப்போதுதான் என்னிடம் வந்து கேட்டாள். "சார், அடிச்சும் கேக்கலைன்னா மறுபடி அடிக்கலாமா?"

நான் விதி எழுதும்போது ஒரு முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த சாசனப் படியை எடுத்து 99-ஐ முழுதாகப் படித்தேன். ஒரே வாக்கியம். எத்தனை முறை என்று அதில் இல்லை. பக்கத்தில் வைத்து அவளுக்கும் காட்டினேன்.

பள்ளி விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கம்பியை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போனாள்.

#20 கூடலூர் தோட்டம்

தாத்தா 2014-ல் போய்விட்டார் சார். இந்தப் பதிவை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அடுத்த வருடம் என்ன தேதி என்று முன்னாடியே சொல்லுங்கள், நாங்கள் ரெண்டு பேரும் வருகிறோம். கூடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம்.